ஒரு மீட்டர் உயரத்தில் நிற்பதாக நினைத்து வெட்டுங்கள்: காட்டுக்குள் பனிச்சறுக்குப் பாதை

சறுக்குபவரை மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்ட் இல்லை, பனியைச் சமன்படுத்தும் இயந்திரம் இல்லை. மரங்களுக்கிடையே வளைந்து இறங்க இடம் மட்டும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இத்தகைய சரிவைக் 'கிளேடு' என்கிறார்கள். இயற்கையாக அமைந்ததுபோல் தோன்றினாலும் பல கிளேடுகள் ஊர்க்காரர்கள் விடுமுறை நாட்களில் கைரம்பத்தோடு வந்து உருவாக்கியவை.

முதலில் அனுமதி. நியூ ஹாம்ப்ஷயரில் கிரானைட் பேக்கன்ட்ரி அலையன்ஸ், வெர்மான்ட்டில் ராஸ்டா போன்ற உள்ளூர்ச் சங்கங்களில் சேருங்கள். பிராண்டன் கேப் சரிவுகளை ராஸ்டா தேசிய வனத்துறையுடன் சேர்ந்தே அமைத்தது. தனியாகப் போய் வெட்டுவது குற்றம். 2007இல் வெர்மான்ட்டின் பிக் ஜே மலையில் இருவர் அனுமதியின்றி நூற்றுக்கணக்கான மரங்களைச் சாய்த்து வழக்கில் மாட்டிக்கொண்டார்கள். அந்த வெட்டுத் தழும்பு தொலைவிலிருந்தே தெரிந்தது.

பறவைகள் கூட்டைவிட்டுப் பறந்த பிறகு, பனி விழுவதற்கு முன் வேலை நடக்கும். செப்டம்பரும் அக்டோபரும் தோதானவை. உண்ணி ஏறாமலிருக்கக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். நவம்பர் மான் வேட்டைக் காலம் என்பதால் பளிச்சென்ற ஆரஞ்சு உடை இல்லாமல் காட்டுக்குள் நுழையாதீர்கள்.

புதியவருக்குக் கவாத்துக் கத்தரியும் மடக்குக் கைரம்பமும் போதும். செயின்சா எனும் இயந்திர ரம்பம், பயிற்சிச் சான்று பெற்றவர் கையில் இருக்கட்டும். பெரிய மரங்களைத் தொடவே கூடாது. அவற்றின் நிழல்தான் பனியைக் காக்கிறது. இடையில் நெருக்கமாக முளைத்த பீச், ஸ்ப்ரூஸ் கன்றுகளில், குழுத் தலைவர் நாடா கட்டிக் காட்டியவற்றை மட்டும் எடுங்கள். ஆங்காங்கே கன்றுத் திட்டுகளை அப்படியே விடுவார்கள். நாளைய காடு அதுதான். கரடியின் நகக்கீறல் பதிந்த பீச் மரம் கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள், அதன் கொட்டைகள் கரடிக்கு உணவு.

வெட்டும் விதத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். தண்டைத் தரையோடு தரையாக, கிடைமட்டமாக அறுக்க வேண்டும். அவசரத்தில் சாய்வாக வெட்டினால் அடிக்கட்டை ஈட்டிபோல் நிற்கும், மெல்லிய பனிக்கு அடியில் கண்ணுக்கும் தெரியாது. நான் முதல் நாளில் அப்படி விட்ட ஏழெட்டுக் கட்டைகளை ஒரு மூத்த தன்னார்வலர் ஒரு வார்த்தையும் பேசாமல் மண்டியிட்டு மறுபடி அறுத்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மேலேயும் பாருங்கள். அக்டோபரில் தலைக்கு மேல் இருக்கும் கிளை, பிப்ரவரியில் ஒரு மீட்டர் பனிமேல் நிற்பவரின் முகத்துக்கு நேரே வரும். கையை நீட்டி எட்டும் உயரம்வரை கவாத்து செய்யுங்கள். வெட்டிய தழையை ஓடையில் போடாமல், குவிக்காமல், பாதைக்கு வெளியே தாழ்வாகப் பரப்பிவிடுங்கள்.

பனி போதுமான அளவு சேர்ந்த பிறகு பார்க்கப் போகலாம். ஸ்கீ எனும் சறுக்குப் பலகையின் அடியில், பின்னோக்கி வழுக்காமல் பிடிக்கும் ஏறுபட்டையை ஒட்டி, குறித்த ஏறுவழியில் மெதுவாக ஏறுங்கள். இறங்கப்போகும் சரிவை அப்போதே நோட்டமிடலாம். ஊசியிலை மரங்களின் அடியில் பனி இறுகாமல் பள்ளமாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியேறுவது கடினம். கைக்கோலின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றுங்கள், துணைவர் பார்வையிலிருந்து விலகாதீர்கள்.

வழியில் ஒரு கிளை முகத்தில் அடித்தால் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே நிற்கும் கன்றை அப்போதே பனிமட்டத்தில் அறுத்தால், பனி இறங்கியதும் அது ஒரு மீட்டர் உயரக் கட்டையாக நிற்கும்.