சுன்னி, ஷியா: பிரிவின் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்காசியாவில் எங்கே குண்டு வெடித்தாலும் "இது இஸ்லாத்தின் இரு பெரும் பிரிவுகளான சுன்னிக்கும் ஷியாவுக்கும் இடையிலான 1,400 வருடப் பகை" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். முக்கால்வாசித் தவறு அந்த வரியிலேயே இருக்கிறது.

632-இல் நபிகள் நாயகம் மதினாவில் மறைந்த அன்றே இரண்டு பிரிவுகள் பிறந்துவிடவில்லை. அன்று எழுந்தது அடுத்த தலைவர் யார் என்ற கேள்வி. மதினாவாசிகளான அன்சாரிகள் பனூ சாயிதா குலத்தாரின் கூடத்தில் கூடித் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தார்கள். செய்தி எட்டியதும் மக்காவிலிருந்து வந்த நபித்தோழர்களான அபூபக்கர், உமர், அபூ உபைதா மூவரும் அங்கே விரைந்தார்கள். வாக்குவாதத்தின் முடிவில் அபூபக்கர் கலீஃபாவானார், அதாவது முஸ்லிம்களின் தலைவரானார். நபியின் பெரியப்பா மகனும் மருமகனுமான அலி அப்போது நபியின் இறுதிக் காரியங்களில் இருந்தார்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு கதீர் கும் என்ற இடத்தில், "நான் யாருக்கு மவ்லாவோ, அவருக்கு அலியும் மவ்லா" என்று நபி சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஷியாக்கள் கட்டிவிட்ட கதை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். நபியின் சொல்லையும் செயலையும் தொகுத்த சுன்னி ஹதீஸ் நூல்களிலும் இது இருக்கிறது. மவ்லா என்ற அரபுச் சொல்லுக்குத் தலைவர் என்றும் பொருள், நேசர் என்றும் பொருள். ஷியாக்களுக்கு இது வாரிசு அறிவிப்பு. சுன்னிகளுக்கு அலியை நேசிக்கச் சொன்ன வார்த்தை.

அலியை சுன்னிகள் ஏற்பதில்லை என்பதும் தவறு. 'நேர்வழி கலீஃபாக்கள்' என்று அவர்கள் போற்றும் முதல் நால்வரில் அவர் நான்காமவர். 661-இல் இராக்கின் கூஃபா நகரில் அவரைக் கொன்றவன், ஒரு காலத்தில் அவர் படையிலேயே இருந்து பிரிந்துபோன காரிஜியாக்களைச் சேர்ந்தவன்.

இராக்கிலுள்ள கர்பலாவை "சுன்னிப் படை ஷியாக்களைக் கொன்ற இடம்" என்று எழுதுவதுதான் என்னை அதிகம் வருத்துவது. 680-இல் உமையா கலீஃபா யஸீதின் ஆட்சியை ஏற்காத, அலியின் மகன் ஹுசைனைக் கடிதம் மேல் கடிதம் போட்டு அழைத்தவர்கள் கூஃபா மக்கள். அவர் வந்தபோது துணைக்கு வரவில்லை. யூப்ரடீஸ் ஆறு பக்கத்திலேயே ஓட, தண்ணீர் மறிக்கப்பட்டு எழுபது பேர் அளவிலான சிறு கூட்டத்தோடு அவர் மடிந்தார். கூடவே இறந்த அலியின் மகன்களில் ஒருவர் பெயர் உஸ்மான். அலிக்கு முன் ஆண்ட, ஷியாக்கள் நபியின் வாரிசாக ஏற்காத மூன்றாவது கலீஃபாவின் பெயரும் அதுதான். நபியின் பேரனான ஹுசைனுக்காக சுன்னிகளும் கலங்குகிறார்கள். தனித்தனிச் சட்டமரபும் இறையியலும் கொண்ட இரு பிரிவுகளாக இவை உருப்பெற அதற்குப் பிறகு சில நூற்றாண்டுகள் ஆயின.

அப்புறம், ஷியா என்றால் ஈரான், சுன்னி என்றால் அரபு நாடு என்ற கணக்கு. 1501-இல் சஃபாவிய அரசர் ஷா இஸ்மாயில் ஈரானின் தப்ரீஸ் நகரில் ஷியா மார்க்கத்தை அரச மார்க்கமாக அறிவிக்கும்வரை ஈரானில் பெரும்பான்மையினர் சுன்னிகள். புது மார்க்கத்தைக் கற்பிக்க இன்றைய லெபனானின் ஜபல் ஆமிலிலிருந்து அரபு அறிஞர்களை வரவழைத்தார்கள். சுன்னி உலகின் பெருமையான கெய்ரோவின் அல் அஸ்ஹர் பள்ளிவாசலையும் கல்விக்கூடத்தையும் நிறுவியதோ ஷியாக்களான ஃபாத்திமிய அரசர்கள்.

நம் ஊருக்கும் ஒன்று. இஸ்லாமிய ஆண்டின் முதல் மாதமான முஹர்ரம் 10 அன்று வாழ்த்து அனுப்பாதீர்கள். சென்னை ஆயிரம் விளக்கு பள்ளிவாசலுக்கு வரும் ஷியாக்களுக்கு அது ஹுசைனுக்கான துக்க நாள். சுன்னிகள் பலர் அன்று நோன்பு வைப்பது, மூசா நபி எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றப்பட்டதற்கு நன்றியாக.