தானாக லாகின் ஆகும் பழைய கணினி: தாமதம் எங்கே?

பாஸ்வேர்டு கேட்காமல் நேரே உள்ளே போகும்படி அமைத்த விண்டோஸ் 10 கணினி, வெல்கம் திரையிலேயே நின்றுவிடுகிறது. இல்லையென்றால் டெஸ்க்டாப் வந்த பிறகும் எதைக் கிளிக் செய்தாலும் அசைவதில்லை. உடனே ரிஜிஸ்ட்ரி கிளீனரை (விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டைத் துப்புரவு செய்யும் நிரல்) தேடிப் போகாதீர்கள். அதனால் இந்தத் தாமதம் தீருவது அரிது. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்கு ஷிஃப்ட் விசை போதும்.

கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து திறந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (முந்தைய நிலையைச் சேமித்து வைத்து வேகமாகத் திறக்கும் வசதி) குறுக்கே வந்து சோதனையைக் குழப்பும். விண்டோஸ் சின்னம் தெரிந்ததும் இடதுபக்க ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள் (வலதுபக்கத்தை 8 விநாடி பிடித்தால் விசை அழுத்தங்களை வடிகட்டும் ஃபில்டர் கீஸ் வசதி விழித்துக்கொள்ளும்). தானியங்கி லாகின் விலகி பாஸ்வேர்டு திரை வரும். கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லையென்றால் சோதனைக்காக ஒன்று வையுங்கள். திரை வந்ததும் எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் விடுங்கள். ஹார்டு டிஸ்க் விளக்கு அடங்கியதும் உள்ளே போங்கள்.

இப்போது டெஸ்க்டாப் சட்டென்று வந்தால், நெரிசல் டிஸ்க்கில் இருக்கிறது. கையால் பாஸ்வேர்டு அடிக்கும்போது கிடைக்கும் இடைவெளியில் விண்டோஸ் தன் சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் நிரல்கள்) ஏற்றி முடிக்கும். தானியங்கி லாகின் அந்த இடைவெளியைப் பறித்துவிடுவதால் சர்வீஸ், ஆன்டிவைரஸ், ஸ்டார்ட்அப் நிரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் டிஸ்க்கை மொய்க்கின்றன. சுழலும் டிஸ்க் சிதறிக் கிடக்கும் தகவலை விநாடிக்கு நூறு தடவை எடுத்தாலே பெரிது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதியில் தாக்கம் 'ஹை' என்று காட்டுவதை டிசேபிள் செய்யுங்கள். ஆன்டிவைரஸ், டச்பேட் இரண்டையும் விட்டுவிடுங்கள். பிரின்டர், அப்டேட்டர் போன்றவற்றின் சர்வீஸ்களை 'ஆட்டோமேட்டிக் (டிலேய்ட் ஸ்டார்ட்)' ஆக்கினால் அவை ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்தே கிளம்பும். லாகின் ஆனதும் மெமரி 80 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் பற்றவில்லை. 2 ஜிபியை 4 ஆக்குங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 என்ற ரேம் வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

உண்மையான தீர்வு, சுழலும் டிஸ்க்குக்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத டிஸ்க்). மதர்போர்டு பழைய சாட்டா 2 ஆக இருந்தாலும் பலன் பெரிது, ஏனென்றால் இங்கே குறை, டிஸ்க் தகவலைத் தேடி எடுக்கும் நேரத்தில்தான். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு அமைப்புத் திரை) டிஸ்க் பழைய 'ஐடிஇ' முறையில் இருந்தால் திடீரென்று புதிய 'ஏஎச்சிஐ' முறைக்கு மாற்றாதீர்கள், நீலத்திரையில் முடியக்கூடும். முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டைத் தேர்ந்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறிய பிறகு அந்தத் தேர்வை நீக்குங்கள்.

இரண்டு நிமிடம் காத்திருந்தும் தாமதம் மாறவில்லையா? புதிய லோக்கல் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அது வேகமாக இருந்தால் கோளாறு உங்கள் பழைய கணக்கில். இப்போது இல்லாத ஒரு கணினி பகிர்ந்த கோப்புறை, நெட்வொர்க் டிரைவாக இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் காரணம். அதை டிஸ்கனெக்ட் செய்யுங்கள். விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கணினியில், பின்னணியாகப் படமில்லாமல் ஒற்றை நிறம் வைத்திருந்தால் வெல்கம் திரை 30 விநாடி நிற்கும் பிழை உண்டு. ஏதாவது ஒரு படத்தை வைத்தால் தீரும்.

ஊகிக்க வேண்டாமென்றால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்து, லாகினைக் கவனிக்கும் வின்லாகன் எழுதிய 6005, 6006 எண் நிகழ்வுகளைத் தேடுங்கள். லாகினை நிறுத்தி வைத்தது யார், எத்தனை விநாடி என்று 6006 சொல்லிவிடும்.

பாஸ்வேர்டு திரை வரவே தாமதமானால் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் சி7 (கேபிள் வழித் தகவல் பிழைகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். 05, சி5, சி6 (பழுதான பகுதிகளின் எண்ணிக்கைகள்) பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால், டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை ஓட்டுவதற்கு முன்பே கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். தேய்ந்த டிஸ்க் அந்த முழுச் சோதனையிலேயே நின்றுபோகலாம்.