இம்ப்ளான்ட் ஈறு வீங்கினால் பழி டைட்டானியத்துக்கா?

"டைட்டானியம் என் உடம்புக்கு ஒத்துக்கல டாக்டர்." இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும், பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆன செயற்கை வேர்தான் இம்ப்ளான்ட். அதைச் சுற்றி ஈறு சிவந்ததும் பலர் சொல்வது இதுதான். டைட்டானியம் ஒவ்வாமை இல்லாமல் இல்லை. ஆனால் மிக அரிது. பிரஷ் பட்டதும் ரத்தம் கசிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அங்கே படிந்திருக்கும் கிருமிப் படலத்தை. உலோகத்தைத் திட்டிக்கொண்டே படலத்தை வளரவிடுவதுதான் பெரிய தவறு.

இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் உண்டு: சிர்கோனியா போட்டால் அழற்சியே வராதாம். பீங்கான் வகையைச் சேர்ந்த சிர்கோனியாவில் கிருமிகள் சற்றுக் குறைவாக ஒட்டுவதாகப் பல ஆய்வுகள் காட்டியது உண்மைதான். அதற்காகத் துலக்காமல் விட்டால் அதன் மேலும் படலம் சேரும். விற்பனைப் பேச்சில் இந்தப் பாதி மட்டும் விடுபட்டுப்போகும்.

என்னைக் கேட்டால், பொருளின் பெயரைவிட மேற்பரப்புக்குத்தான் கவனம் தேவை. எலும்புக்குள் போகும் பகுதியை வேண்டுமென்றே சொரசொரப்பாகச் செய்கிறார்கள். எலும்பு இறுகப் பற்ற அது உதவும். ஈறைத் தொடும் அபட்மென்டோ (இம்ப்ளான்டையும் மேலே வரும் பல்லையும் இணைக்கும் துண்டு) வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் படலம் கூடுதலாகச் சேரும். அதற்குக் கீழே எவ்வளவு மெருகேற்றினாலும் பெரிய லாபம் இல்லை. சுத்தம் செய்கிறேன் என்று அந்த வழவழப்பை ஸ்டீல் கருவியால் சுரண்டிக் கெடுப்பது வீண் வேலை. பிளாஸ்டிக், கார்பன் ஃபைபர் முனைகள், மென்மையான பவுடரைப் பீய்ச்சும் கருவி எல்லாம் கீறாமல் சுத்தம் செய்யத்தான் இருக்கின்றன. அமிலத்தன்மையுள்ள ஃபுளோரைடு ஜெல்லும் டைட்டானியத்தின் ஆக்சைடு பூச்சை அரிக்கும்.

சிமென்ட் வைத்து ஒட்டிய கிரவுனில் (மேலே பொருத்தும் செயற்கைப் பல்) இன்னொரு வில்லங்கம். பிதுங்கி வெளியே வந்த சிமென்ட் ஈறுக்கடியில் தங்கினால், பல மாதம் கழித்துக்கூட வீக்கமும் சீழும் வரலாம். அதற்கும் பழி டைட்டானியத்துக்கே போகும், பாவம். கிரவுன் ஒட்டியதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் சில வகை சிமென்ட் அதில் தெளிவாகத் தெரியாது.

வலி இல்லையே என்று தள்ளிப்போடவும் கூடாது. இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள்ளேயே பதிந்திருக்கும்; இம்ப்ளான்டில் அவை பக்கவாட்டில் ஒட்டி ஓடுவதோடு சரி. தடுப்பு பலவீனம் என்பதால் அழற்சி எலும்புக்குச் சீக்கிரம் இறங்கிவிடும். ஈறு மட்டும் சிவந்திருக்கும்போது சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்; எலும்பு கரைந்த பிறகு அது தானாகத் திரும்பி வளராது.