பிக்மாலியன்ல எலைசாவுக்கும் ஹிக்கின்ஸுக்கும் ஜோடி போடாதீங்க

பெர்னார்ட் ஷாவோட பிக்மாலியன் நாடகத்த படிச்சவங்ககிட்ட கதை கேட்டா, பூ விக்கிற எலைசாவுக்கு உச்சரிப்பு நிபுணர் ஹிக்கின்ஸ் ஆறு மாசம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து சீமாட்டி ஆக்குனாரு, அப்புறம் லவ்வு, சுபம்னு முடிச்சிடுறாங்க. காலேஜ்ல நாங்க போட்டப்போ நானும் கடைசி சீன்ல ரெண்டு பேரையும் கைகோக்க வச்சேன், செம கைதட்டல், அதுக்காக அது சரின்னு ஆயிடுமா. 1914ல லண்டன்ல ஹிக்கின்ஸா நடிச்ச பீர்போம் ட்ரீயே திரை விழப்போற நேரத்துல எலைசா பக்கம் பூவ வீசி ஜோடி சேர்த்து விட்டாரு, ஷாவுக்கு பயங்கர கடுப்பு. 1916 புத்தகத்துல பின்னுரை ஒண்ணு சேர்த்து, அவ கட்டிக்கிட்டது அவ மேல ஆசையா சுத்துற ஃப்ரெடிங்கிற பையன, வச்சது பூக்கடைன்னு அடிச்சு சொல்லிட்டாரு.

இன்னொண்ணு, உச்சரிப்பு மாறுனா வர்க்கம் மாறிடும்னு நாடகம் சொல்றதா எழுதுறது. ஹிக்கின்ஸோட அம்மா வீட்டு சீன பாருங்க. எலைசா வாயில இருந்து சுத்தமான இங்கிலீஷ் வருது, ஆனா பேசுற விஷயம் என்னன்னா, அத்தை சளிக்காய்ச்சல்ல செத்தாங்கன்னு சொல்றாங்க, எனக்கு வரவேண்டிய வைக்கோல் தொப்பிய சுட்டவங்கதான் கெழவிய முடிச்சிருப்பாங்கன்னு. விருந்தாளியா எதிர்ல இருக்குற கிளாரா, அதாவது ஃப்ரெடியோட கூடப் பொறந்தவ, இதுதான் புது ஃபேஷன் போலன்னு அவ சொன்ன கெட்ட வார்த்தைய தானும் சொல்லிப் பாக்குறா. இந்த கிளாரா குடும்பத்துக்கு கௌரவம் இருக்கு, காசு இல்ல, அதையும் நிறைய பேர் கவனிக்கிறதில்ல.

காசுன்னா டூலிட்டில்தான். எலைசாவோட அப்பன காமெடி பீஸுன்னு ஒதுக்கிட்டா பாதி நாடகம் போச்சு. மனுஷன் ஹிக்கின்ஸ்கிட்ட 5 பவுண்டு கேட்டு வர்றான், பத்து தர்றேன்னா வேணாங்குறான், பத்து கையில இருந்தா பொறுப்பு வந்துடும், அப்புறம் சந்தோஷம் போயிடும்னு. கடைசில ஹிக்கின்ஸ் ஒரு பணக்காரருக்கு விளையாட்டா எழுதுன லெட்டரால, அந்தாளு உயில் மூலமா வருஷத்துக்கு 3000 பவுண்டு வருமானம் வந்து தலையில விழுது, எங்கெங்கயோ இருந்து சொந்தக்காரங்க மொளைக்கிறாங்க, சேர்ந்து வாழ்ந்தவள முறைப்படி கட்டிக்கவும் வேண்டியதாயிடுது. பேச்சு ஒரு எழுத்து மாறல, உச்சரிப்பு கிளாஸும் போகல, ஆனா ஜென்டில்மேன் ஆயிட்டான்! மகளுக்கு நடந்ததையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கணும்.

ஹிக்கின்ஸோட நண்பர் கர்னல் பிக்கரிங்க சும்மா கூட நிக்கிற ஆளா காட்டாதீங்க. முத நாளே மிஸ் டூலிட்டில்னு கூப்பிட்டாரே, அங்கதான் எனக்கு சுயமரியாதை ஆரம்பிச்சதுன்னு எலைசாவே சொல்றா.

இந்த நாடகத்த வச்சு வந்த மை ஃபேர் லேடி படத்த பாத்துட்டு நாடகத்தப் பத்தி எழுதுற ஆளுங்க வேற. முதல்ல ஷா மேடைக்கு எழுதுனதுல எலைசா பெரிய இடத்து விருந்துல சீமாட்டியா நடந்து ஜெயிக்கிற சீனே கிடையாது, ஜெயிச்சுட்டு நடுராத்திரி வீட்டுக்கு வர்றதுதான் இருக்கு. ஆம்பளைங்க ரெண்டு பேரும் அப்பாடா முடிஞ்சதுன்னு பேசிக்கிறாங்க, ஹிக்கின்ஸ் செருப்பு எங்கன்னு தேடுறாரு, எலைசா ஒரு வார்த்தை பேசாம கொண்டு வந்து வைக்கிறா. இந்த மௌனத்த அவசரமா தாண்டிடாதீங்க. கொஞ்ச நேரத்துல அதே செருப்பு அவர் மூஞ்சிக்கு பறக்கும், அப்புறம் அவ கேக்குறது காதல் இல்ல, போட்டிருக்குற துணி எனக்கா இல்ல கர்னலுக்கான்னு. அடுத்து புடிச்சிட்டு வர்ற பொண்ணுக்கு வேணும்னு கேப்பீங்களே, திருடிட்டேன்னு நாளைக்கு பேர் வரக்கூடாதுல்ல.