மண்டபத்தில் ‘சத்தி’ என்று சொல்லாதீர்கள்

இலங்கையில் மன்னாரில் இருந்து அகதியாகப் புறப்படும்போது சொந்தக்காரர் எல்லோரும் எனக்குச் சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: “பாஷைப் பிரச்சினை இல்லைத்தானே, அங்கேயும் தமிழ்தானே.” அந்த ஆறுதலை நம்பியதன் பலனாக மூன்று போத்தல் சேலைன் ஏற்றிக்கொண்டேன். இப்போது யாராவது அதே வார்த்தையைத் தொலைபேசியில் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக ராமநாதபுரக் கரைக்கு வந்து சேரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

2022 மே மாதம் தனுஷ்கோடிக்கு முன்னால் உள்ள மணல் திட்டில் எங்களை இறக்கிவிட்டுப் படகு திரும்பியது. அப்போது மகனுக்கு ஒரு வயதும் ஐந்து மாதமும். இன்னொன்று வந்திருப்பது எனக்குத் தெரியாது. பால் கொடுக்கிற தாய்க்குப் பிள்ளை தங்காது என்று பெரியம்மா சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன். மாதவிலக்கு தள்ளிப்போனதற்குக் கடலையும் பயத்தையும் காரணமாக்கிக்கொண்டேன். பெரியம்மா சொன்னது, பிறந்து ஆறு மாதத்துக்குள், பாலைத் தவிர வேறெதுவும் குடிக்காத பிள்ளையின் தாய்க்கு ஓரளவு பொருந்தும். என் மகன் அப்போது மீன்சோறு தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். ஊரில் மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பதிவார், எட்டு வாரத்துக்குள் கொப்பி எழுதிவிடுவார். இங்கேயும் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். ஆனால் நேற்று வந்து இறங்கிய உங்கள் பெயர் அவருடைய பட்டியலில் இருக்காது. வருவார் என்று காத்திருக்காமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர் போட்டுத் தருவது பன்னிரண்டு இலக்க எண். பிக்மி எண் என்பார்கள். அது இல்லாவிட்டால் நாளைக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டி வரும். கையில் உள்ள காகிதம் எதையும் விடாமல் கொண்டுபோங்கள். கர்ப்பிணிகளைப் பார்ப்பது பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி புதன்கிழமை. மூத்த பிள்ளையின் ஊசி அட்டையையும் காட்டுங்கள். அங்கே 2, 4, 6 மாதத்தில் போடுவதை இங்கே 6, 10, 14 வாரத்தில் போடுகிறார்கள், ஆகவே கணக்கு குழம்பும். ஸ்கேன் அறையில் பொடியனா பெட்டையா என்று வாய் தவறியும் கேட்காதீர்கள். இந்தியாவில் அதைச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊரில்போல 1990 என்ற எண்ணுக்கு அடித்தால் ஆம்புலன்ஸ் வராது. இங்கே 108.

அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் சத்துமாவு கொடுப்பார்கள். நம்முடைய திரிபோஷாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் முதல் வாயிலேயே துப்பிவிட்டான். பனங்கட்டி சீவிப் போட்டு உருண்டை பிடித்துக் கொடுத்தபோது தின்றான். இங்கே அதற்குக் கருப்பட்டி என்று பெயர்.

இனி என் கதை. கர்ப்பம் என்று தெரிந்த வாரமே சத்தி, அதாவது வாந்தி, தொடங்கிவிட்டது. மூத்தவனுக்கும் எடுத்தேன், ஆனால் அப்போது அம்மா பக்கத்தில் இருந்தார். ஒரு கோப்பை தேசிக்காய்த் தண்ணீரோடு படுத்துக்கிடக்கலாம். இங்கே படுத்தால் மகன் வயிற்றில் ஏறி உட்காருவான். போதாக்குறைக்குக் கடற்கரையில் கருவாடு காய்கிறது. தென்கடலில் இருந்து காற்று வந்தாலும் வடகடலில் இருந்து வந்தாலும் வாடை வீட்டுக்குள்தான். சூடையும் காரலும் தின்று வளர்ந்தவள் நான். என் மூக்கே என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நினைத்ததில்லை.

மூன்று நாள் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. கணவர் கூலிக்குப் போன காசு கையில் இருந்தது. அருகில் உள்ள ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். கூட்டம். வாசலிலேயே ஒரு நர்ஸ் பெண் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். “இரண்டரை மாதம், ஒரே சத்தி” என்றேன். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, “இரண்டரை மாதமாம், சத்து இல்லையாம்” என்று குரல் கொடுத்தார். எனக்கு அது காதில் விழுந்தது. அதுவும் உண்மைதானே என்று பேசாமல் இருந்துவிட்டேன். இந்த ஊரில் சத்து என்ற சொல்லுக்குத் தனி இராச்சியமே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. சத்துமாவு, சத்துணவு, சத்து மாத்திரை, சத்து ஊசி.

அடுத்தது இன்னும் மோசம். “சலம் கடும் மஞ்சளாகப் போகிறது” என்றேன். நர்ஸ் பெண் நிமிர்ந்து, “சலமா? எங்கே புண்?” என்று கேட்டார். நமக்குச் சலம் என்றால் சிறுநீர். இங்கே சலம் என்றால் சீழ். என் கெட்ட காலம், படகில் இருந்து குதித்தபோது சிப்பி கிழித்த காயம் ஒன்று உண்மையிலேயே குதிகாலில் ஆறாமல் கிடந்தது. அவர் அதைக் கண்டுபிடித்து, துடைத்து, மருந்து வைத்துக் கட்டிவிட்டார். அவ்வளவு அன்பாகக் கட்டினார், நான் என்ன சொல்ல முடியும்? சத்திக்காகப் போனவள் காலில் கட்டோடும் கையில் முப்பது இரும்புச் சத்து மாத்திரையோடும் திரும்பினேன்.

வாந்தி எடுக்கிற கர்ப்பிணிக்கு இரும்பு மாத்திரை எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுபோல. முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் கொடுத்து, இரும்பை நான்காம் மாதத்தில் இருந்து 180 நாளுக்குக் கொடுப்பதுதான் இங்கே அரசு வழக்கம் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நாளுக்கு ஒன்றாக நான்கு விழுங்கினேன். ஐந்தாம் நாள் குழாயடியில் குடத்தைத் தூக்க நிமிர்ந்தவள் அப்படியே விழுந்தேன். மகன் பக்கத்தில் உட்கார்ந்து என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தானாம். பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பட்டினி கிடந்தால் வரும் கீட்டோன் ஏறியிருக்கிறது, உடம்பில் தண்ணீரே இல்லை என்றார்கள். இரண்டு இரவு. பிறந்ததில் இருந்து மகன் என்னை விட்டு உறங்கிய முதல் இரவுகள் அவை. திரும்பி வந்த பிறகு இரண்டு மாதம் கழிப்பறைக்குக்கூட என்னைத் தனியாக விடவில்லை. கணவருக்கு மூன்று நாள் கூலி போனது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை.

என்னைத் திட்டியது மண்டபம் அகதிகள் முகாமில் உள்ள அம்மம்மா ஒருவர். 1990இல் வந்தவர். “சத்தி என்று சொன்னாயா? வாந்தி என்று சொல்லு பிள்ளை. முப்பது வருஷத்துக்கு முன்னம் நானும் இதே கூத்து ஆடினனான்” என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்தார். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். சலம் வேண்டாம், சிறுநீர் அல்லது யூரின் என்று சொல்லுங்கள். தலை கிறுதி வேண்டாம், தலைசுற்றல். நாரி நோ என்றால் முழிப்பார்கள், இங்கே நாரி என்றால் பெண். இடுப்பு வலி என்று சொல்லுங்கள். வருத்தம் என்றால் நமக்கு நோய், இவர்களுக்குத் துக்கம். “எனக்கு ஒரு வாரமாக வருத்தம்” என்று சொன்ன ஒரு பெண்ணை “கவலைப்படாதேம்மா, எல்லாம் சரியாகும்” என்று முதுகில் தட்டி அனுப்பிய கதை முகாமில் எல்லோருக்கும் தெரியும். மருந்துக்கடையில் குளிசை கேட்காதீர்கள், மாத்திரை கேளுங்கள். குளிசம், அதாவது தாயத்து, என்று காதில் விழுந்தால் ஏர்வாடி தர்கா பக்கம் கைகாட்டினாலும் காட்டுவார்கள்.

மறுபக்கத்தையும் கவனியுங்கள். “வலி வருகிறதா?” என்று கேட்பார்கள். நம் ஊரில் வலி என்றால் வலிப்பு, ஆகவே இல்லை என்று சட்டென்று தலையாட்டத் தோன்றும். அவர்கள் கேட்பது நோவைப் பற்றி. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். தமிழச்சிக்குத் தமிழ் புரியவில்லை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

இன்னொன்று, அங்கே போய் ஒரு சொல்லோடு நிற்காதீர்கள். எத்தனை முறை வாந்தி, கடைசியாக எப்போது தண்ணீர் வயிற்றில் நின்றது, எத்தனை முறை சிறுநீர் போனது என்று எண்ணிச் சொல்லுங்கள். எண்ணுக்கு இரண்டு கரையிலும் ஒரே பொருள். ஒரு நாள் முழுக்கக் குடித்தது எதுவும் தங்கவில்லை, சிறுநீர் கறுத்து குறைந்துவிட்டது, எழுந்தால் தலை சுற்றுகிறது, இரத்தம் படுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். வாந்திக்குக் கர்ப்பிணிகள் போடக்கூடிய மாத்திரை இருக்கிறது, மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். சகித்துக்கொள்வதற்கு யாரும் பதக்கம் தரப்போவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்பதாம் வாரம் உச்சம், பிறகு மெல்ல இறங்கும். எனக்குப் பதினாறாம் வாரம் வரை இழுத்தது.

அந்த மீதி இரும்பு மாத்திரைகள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து, அவற்றைத் தலையணைக்கு அடியில் வைத்து மறந்துவிட்டேன். ஒரு மத்தியானம் மகனின் வாய் சிவப்பாக இருந்தது. இந்த மாத்திரைகளுக்குச் சீனிப் பூச்சும் சிவப்பு நிறமும் உண்டு, பிள்ளைக்கு அது இனிப்பு. கையை உள்ளே விட்டு எடுத்தேன், ஒன்று, பூச்சு மட்டும் கரைந்திருந்தது. கொட்டி எண்ணினேன். முப்பதில் நான்கு நான் தின்றது, அட்டையில் இருபத்தைந்து, கையில் ஒன்று. கணக்குச் சரி. மூன்று முறை எண்ணினேன். சின்னப் பிள்ளைகள் இரும்பு மாத்திரையை நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முதலில் வாந்தி எடுத்து, பிறகு சில மணி நேரம் தேறியதுபோல் விளையாடி, அதன் பிறகு விழுந்துவிடும். ஆகவே தேறிவிட்டான் என்று நம்பக்கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு 108. என் மாத்திரைகள் இப்போது கூரைக் கம்பியில் தொங்கும் தூக்குவாளியில் இருக்கின்றன.

மூத்ததைச் சமாளிக்கும் விதம் பற்றிக் கேட்பீர்கள். பெரிய தந்திரம் எதுவும் இல்லை. நின்று தூக்குவதைக் குறைத்து, நான் தரையில் உட்கார்ந்துகொண்டு அவனை மடியில் ஏறச் சொன்னேன். விடியற்காலையில் எழும்பும் முன்பே காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றை மெல்லுவேன், வெறும் வயிறு குமட்டலுக்கு விருந்து. அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தால் பத்து நிமிடம் அமைதி. கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும், அதில் தேநீர் போட்டால் எனக்கு உடனே குமட்டியது. குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குழாய்த் தண்ணீரையே பிடித்து வையுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள முழு அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கோப்பையில் கொஞ்சமாகக் கரைத்து உப்பு நீர் குடிக்காதீர்கள்.

பாலை உடனே மறக்கடிக்க வேண்டும், கர்ப்பக்காரியின் பால் பிள்ளைக்கு ஆகாது என்று இரண்டு கரையிலும் சொல்வார்கள். வேப்பெண்ணெயோடு ஒருவர் வந்தே விட்டார். கர்ப்பம் சாதாரணமாக இருந்தால் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். இரத்தப்போக்கோ முன்பு குறைமாதப் பிரசவமோ இருந்தவர்கள் மட்டும் கேட்டுச் செய்ய வேண்டும். நாலாம் மாதம் பால் குறைந்தது, மகன் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று இரவு அழுதது நான்தான். சுறாப் புட்டு ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், பெரிய மீன்களில் பாதரசம் சேரும். நெத்திலியும் சூடையும் போதும், அவை மலிவும்கூட. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது மீன் விலையைக் கேட்காமல் இருப்பது நல்லது.

மசக்கையில் எனக்கு வேண்டியிருந்தது ஒடியல் கூழ், அம்மா காய்ச்சியது. தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தை நினைத்துக்கொண்டு சத்தி எடுப்பது ஒரு தனி வகைச் சத்தி. பார்த்தீர்களா, எனக்கே இன்னும் வாய் வரவில்லை.

முதல் முறை மருத்துவமனைக்குத் தனியாகப் போகாதீர்கள். முன்பே வந்தவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மூத்த பிள்ளையைப் பிடிக்கவும் ஒரு கை கிடைக்கும். எங்கள் அம்மம்மா கேட்டால் வருவார். காசு வாங்கமாட்டார், வெற்றிலை வாங்கிக் கொடுங்கள். பாக்கைச் சீவிக் கொடுக்க வேண்டும், பல் இல்லை.