பழைய தபால் கார்டு: அவசரமாக வாசித்தால் வரும் தவறுகள்

ஊரில் இருக்கும் தம்பி போன மாதம், தாத்தா சிங்கப்பூரிலிருந்து எழுதிய ஒரு தபால் கார்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். "அக்கா, தாத்தா அங்கே வெள்ளி வியாபாரமும் பார்த்தாரா?" என்று கேள்வி வேறு. கார்டில் இருந்தது, "முப்பது வெள்ளி அனுப்பியிருக்கிறேன்." சிங்கப்பூர்த் தமிழருக்கு வெள்ளி என்றால் டாலர். அவ்வளவுதான்!

முகவரியிலும் இதே வழுக்கல் உண்டு. "செட்டித் தெரு" என்று எழுதியிருந்தால் வரைபடத்தில் தேடிப் பயனில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டை நம்மவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்; செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள் இருந்த இடம்.

அடுத்த தவறு, தமிழ் வருடப் பெயரை மட்டும் நம்புவது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். "சித்திரபானு, ஆடி" என்றால் 1882ஆகவும் இருக்கலாம், 1942ஆகவும் இருக்கலாம். தபால் முத்திரையையும் தபால்தலையையும் பார்த்துத்தான் முடிவுகட்ட வேண்டும். ஜப்பானியர் காலத்துத் தபால்தலையில் 2602 என்று அச்சடித்திருந்தால் அது வரிசை எண் அல்ல, ஜப்பானிய ஆண்டுக் கணக்கு. நம் கணக்கில் 1942.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்வது. அது பிள்ளையார் சுழி மாதிரி, போட்டே ஆக வேண்டிய வரி. தபால் கார்டு திறந்த கடிதம். தபால்காரர் படிப்பார், அடுத்த வீட்டுக்காரர் படிப்பார். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியதாகவும் இருக்கும். ஒரே பெயரில் வந்த இரண்டு கார்டுகளில் கையெழுத்து வேறுபட்டால் குழம்ப வேண்டாம். இத்தனை பேர் நடுவே கடனையும் சண்டையையும் யார் சொல்வார்கள்?

அதனால் நான் முதலில் ஓரங்களைத்தான் பார்ப்பேன். தம்பி அனுப்பிய அதே கார்டில் நலம் இரண்டு வரி, பணம் இரண்டு வரி, அப்புறம் பெரியவர்களுக்கு நமஸ்காரம். இடம் தீர்ந்துபோய், கார்டைத் திருப்பி விளிம்போடு எறும்பு எழுத்தில்: "சின்னவளுக்கு இருமல் நின்றதா? மற்றது கவரில் எழுதுகிறேன்." நல வரிகளில் வராத இருமல், விளிம்பில்தான் வந்தது. அந்தக் கவர் கிடைக்கவில்லை. ஆனால் கார்டில் எழுத முடியாத ஒன்று இருந்தது என்பது தெரிகிறது.

கையில் கிடைத்த கார்டுகளே முழுக் கதை என்று நினைப்பதும் தவறுதான். எங்கள் சித்தி வீட்டு பிஸ்கட் டின்னில் மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணக் கார்டுகள் பல உண்டு, இழவுச் செய்தி ஒன்றுகூட இல்லை. யாரும் சாகாத குடும்பமா என்ன? கறுப்பு மை தடவி வந்த கார்டைப் படித்த கையோடு கிழித்துப் போடுவது வழக்கம்.

பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். தபால்தலையை மட்டும் உரித்து எடுக்கவும் வேண்டாம். பள்ளிக்கூட நாளில் ஆல்பத்துக்காக நான் அப்படி ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தலையோடு முத்திரையில் பாதி போய்விட்டது, மீதியில் மை கரைந்துவிட்டது. கார்டில் எழுதியிருப்பது "ஆடி 5" மட்டும். எந்த ஆடி என்று சொல்லச் சித்தியும் இப்போது இல்லை.