பழைய சீக்கோ 5 வாங்கப் போகிறீர்களா? முதலில் திருப்பிப் பாருங்கள்

சிங்கப்பூர் மாமா கையில் மின்னிய சீக்கோ 5 வாட்சைப் பார்த்து ஏங்கியவர்களில் நானும் ஒருவன். சம்பாதிக்க ஆரம்பித்ததும் ஆசையாக ஒன்று வாங்கினேன், பளீரென்ற ஆரஞ்சு டயல். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் மை ஊறிக் கிடந்தது. பழைய டயலைச் சுரண்டிப் புதிதாக பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து விற்பவர் சொல்லும் கதையைச் சிரித்தபடி கேட்டுக்கொள்வேன். நம்புவது எண்களை மட்டும்.

முதல் வேலை, வாட்சைத் திருப்புவது. பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நான்கு என ஒரு எண் இருக்கும். முதல் நான்கு மெஷினின் எண்: 6119, 7009 என்பதுபோல. உள்ளே இருக்கும் மெஷினிலும் அதே நான்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மூன்று வாட்சைப் பிரித்துச் சேர்த்த கதம்பம்.

இரண்டாவது, அதே பின்மூடியில் தனியாக இருக்கும் சீரியல் எண். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 9-ம் என்-னும் இருந்தால் ஒன்பதில் முடியும் ஏதோ ஒரு வருடத்து நவம்பர். எந்தப் பத்தாண்டு? அதை மெஷின்தான் சொல்லும். 6119 என்றால் 1969. அப்படியானால் மூடியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருப்பதுதான் பொருத்தம். அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட ஆரம்பித்தது 1970-ஐ ஒட்டித்தான். இப்படி மூன்று சாட்சியும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது டயல். நான் ஏமாந்த இடம் என்பதால் இங்கே நிதானமாக நில்லுங்கள். 6 மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்தில் ஓர் எண் ஓடும். அதன் முதல் நான்கும் மெஷின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பெயின்ட் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள், அல்லது வாய்க்கு வந்த எண்ணைப் போடுவார்கள். நிமிடக் கோடுகள் மணிக் கட்டைகளுக்கு நேராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஐம்பது வயது வாட்சின் டயல் லேசாக மங்கியிருந்தால் எனக்குச் சந்தோஷம். புத்தம் புதிதாக இருந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

கேஸின், அதாவது வாட்சின் வெளிக்கூட்டின், விளிம்புகள் சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருந்தால் அளவுக்கு மீறி பாலிஷ் போட்டிருக்கிறார்கள். போலி இல்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை. 6119, 7009 இரண்டுக்கும் கையால் சாவி கொடுக்க முடியாது, ஆட்டினால்தான் ஓடும். வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் திருகைச் சுற்றி "சாவி நல்லா ஏறுது சார்" என்று காட்டினால் உள்ளே இருப்பது வேறு மெஷின். 6119-ல் திருகைப் பாதி அழுத்தினால் தேதியும், முழுக்க அழுத்தினால் கிழமையும் மாறும்.

மூடியைத் திறந்து காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். "தூசி போயிடும்" என்று மறுத்தால், "சரிண்ணே, அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.